எந்தப் பனை

யாருக்கும் பெயர் தெரியாத பழைய ஒற்றர் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பேன். நேற்று ஒன்றில், ஒன்றுக்கும் உதவாத ஒரு காகிதத்துக்காக ஒருவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதைத்தார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?" என்றாள் மகள்.

நான் சிறுமியாக இருந்த யுத்தகாலத்தில் ஜப்பான்காரனின் ஒற்றர்களைத் தேடி, தூத்துக்குடிக் கடற்கரையில் போலீஸ் வீடு வீடாக நுழைந்தது. எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் ஒரு சிகரெட் அட்டை அகப்பட்டது. அதில் கோயில் கோபுரம், ஒரு பனை, இரண்டிலிருந்தும் கடலுக்குள் போய்ச் சந்திக்கும் கோடுகள்.

"யாருக்குலே இந்த மேப்பு?"

அது மீன் அடையும் பாறைக்கு அப்பா வைத்திருந்த அடையாளம். கரையெல்லாம் பனை; எந்தப் பனை என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான் தெரியும். சொன்னால் எந்தப் பனை என்று கேட்பார்கள். பக்கத்தில் சித்தப்பா நின்றார். உதடு கிழிந்தும் அப்பா வாய் திறக்கவில்லை. சித்தப்பாவும் கடல்காரர்தான், அட்டையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்கும். அவரும் பேசவில்லை.

அப்பாவை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனார்கள். மறுநாள் சித்தப்பாவிடம் ஓடினேன். "சித்தப்பா, அது மீனுக்குள்ளதுன்னு போய்ச் சொல்லுங்க. அப்பாவ விட்டுருவாவ."

"சொல்லுதேன். எந்தப் பனைன்னு சொல்லுளா."

சொன்னேன். அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை, கடலுக்குப் போனார்.

ஒன்றரை வருஷம் கழித்து, கயிறு இழுக்க முடியாத கையோடு அப்பா வந்தார். அந்தப் பாறைக்கு மேலே சித்தப்பாவின் வள்ளம் நின்றது. அப்பா அம்மாவைத்தான் சந்தேகித்தார். சாகும்வரை அவள் கையால் சோறு வாங்கவில்லை. நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நேற்றைய படத்தில் காட்டிக்கொடுத்தது யாரென்று கடைசிவரை சொல்லவில்லை. நல்ல படம்.