அத்தான் ஜீப்புக்கு எந்த ஆயில்?

அத்தானுடைய ஜீப்பின் கியர்பாக்ஸிலிருந்து வடிந்த எண்ணெய் நீர்மோர் நிறத்தில் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தபடியே அதை ஒரு தகரச் சட்டியில் பிடித்து வெளியே தள்ளி, "பாத்தியளா சார்?" என்றார். பார்த்தேன். பார்த்து என்ன முடிவுக்கு வருவதென்று தெரியவில்லை. விரலால் தொட்டு முகர்ந்தேன். அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கியர் ஆயிலுக்கு அது இருக்கவேண்டிய நாற்றமா, இருக்கக்கூடாத நாற்றமா என்பதும் எனக்குத் தெரியாது. "தண்ணி எறங்கியிருக்கு. ஓடைக்குள்ள போயி வந்த வண்டில்லா? பூரா வடிச்சாச்சு. சுபேதார் முன்னால என்ன ஆயில் ஊத்துனாவளோ, அதையே வாங்கிட்டு வாங்க. மாத்தி ஊத்துனா பாக்ஸ் போயிரும்" என்றார் அவர். அன்றைக்குப் பிடித்த குழப்பம். அத்தான் இறந்து இப்போது ஒரு வருடம் ஆகிறது. என் குழப்பம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பட்டாளத்தில் வண்டிப் பட்டறையிலேயே இருந்து சுபேதாராக ஓய்வு பெற்று, மகாராஜபுரத்துக்குத் திரும்பி வந்து, மலையடிவாரத்தில் இருந்த குடும்பத்து மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டவர். தோப்புக்கு முன்னால் ஓர் ஓடை உண்டு. அதில் தண்ணீரைவிடப் பாறாங்கல் அதிகம். அதற்காகவே ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்தார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதற்கு ஓட்டுநரும் அவர்தான், மெக்கானிக்கும் அவர்தான். இன்னொருவர் தொட்டால் அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை நான் சும்மா உட்கார்ந்து இரண்டு தரம் ஹாரனை அமுக்கிவிட்டேன். "மாப்ளே, அது வண்டி. ஒங்க மில்லு சங்கு இல்ல" என்றார். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் ஸ்டோரில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் என்னைக் கேலி செய்யத் தேர்ந்தெடுப்பது எப்போதும் மில்லைத்தான்.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. "சரி" என்ற சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியது. சாப்பிடுகிறீர்களா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. வலிக்கிறதா என்றால் அதற்கும் சரி. அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பட்டறையில் எத்தனையோ பேரைத் திட்டி வேலை வாங்கிய மனிதர் இப்போது எல்லாவற்றுக்கும் சரி சொன்னார். காலையில் அவரை நாற்காலியில் உட்கார்த்தினால் ஜீப் நிற்கிற கொட்டகைப் பக்கம் முகம் இருக்கும்படிதான் உட்கார்த்த வேண்டும். வேறு பக்கம் திருப்பினால் இடது கையால் நாற்காலியைத் தட்டுவார்.

எட்டு மாதம் வண்டி அப்படியே நின்றது. மாங்காய்ப் பருவம் வந்தது. சென்னையில் இருக்கும் அவர் மகன், என் மருமகன், போனில் பேசினான். "இந்த சீசனுக்கு ஓடுனா ஓடட்டும் மாமா. கியர்பாக்ஸ் அது இதுன்னா செலவு பண்ண வேண்டாம், வண்டிய எடைக்குப் போட்டுருவோம். தோப்பையும் குத்தகைக்கு விட்டுரலாம்" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜீப் போனால் அத்தான் தன் தோப்பை இனிப் பார்க்கப் போவதில்லை என்பது எனக்கு உடனே உறைத்தது. நடக்க முடியாதவரை டிராக்டரில் ஏற்ற முடியாது. ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்துவிடுவார். அந்த ஓடையைத் தாண்ட அவருக்கு இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். "நான் பாத்துக்கிடுதேன்" என்று மார்தட்டிவிட்டு வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். போன இடத்தில்தான் அந்த நீர்மோர்.

அத்தான் என்ன ஆயில் ஊற்றினார்? கொட்டகையில் மூன்று டப்பாக்கள் இருந்தன. மூன்றிலும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பட்டாளத்துப் பழக்கத்தில் டப்பாவுக்கொரு கோடு பெயின்ட்டில் இழுத்திருந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. எதற்கு எது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வெள்ளைக்கோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்று, "கியருக்கு இதா அத்தான்?" என்று கேட்டேன். "சரி" என்றார். மஞ்சளைக் காட்டினேன். "சரி." சிவப்பைக் காட்டியபோது சற்று அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது. மறுபடியும் வெள்ளையைக் காட்டினேன், அதையும் அழுத்தித்தான் சொன்னார். அவர் கண்ணில் ஏதோ தவித்தது. என் மீது கோபமா, தன் நாக்கின் மீது கோபமா என்று புரியாமல் மூன்றையும் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தேன்.

இராஜபாளையத்தில் எனக்குப் பழக்கமான ஆயில் கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே நிறம், இரண்டிலும் எண்பது, தொண்ணூறு என்று ஒரே எண்கள். அடியில் சின்ன எழுத்தில் ஒன்றில் நாலு, மற்றதில் ஐந்து என்று போட்டிருந்தது. "என்ன வித்தியாசம்?" என்றேன். "அஞ்சு பொறவு வந்தது அண்ணாச்சி. எல்லாரும் இப்ப அஞ்சுதான் வாங்குதாவ" என்றார். செல்போனில் வீடியோ தேடிப் பார்த்தேன். ஒருவர் ஐந்தை ஊற்றவே கூடாது என்றார். அடுத்தவர் தாராளமாக ஊற்றலாம் என்றார். மூன்றாமவர் பழைய ஜீப்புக்கு இன்ஜின் ஆயிலே போதும் என்று சிரித்த முகத்தோடு சொன்னார்.

முப்பத்தொரு வருடம் ஸ்டோரில் எண்ணெய் அளந்து கொடுத்தவன் நான். அதனால் எனக்கு எண்ணெயைப் பற்றித் தெரியும் என்று ஊரே நம்பியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சீட்டில் எழுதியிருப்பதைக் கொடுப்பது. சீட்டில் உள்ள சரக்கு இருப்பில் இல்லாவிட்டால் அதற்கு ஒரு படி மேலே உள்ளதைக் கொடுத்துவிடுவோம். கீழே உள்ளதைக் கொடுத்தால்தான் கேள்வி வரும், மேலே உள்ளதைக் கொடுத்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? நாலா ஐந்தா என்று திகைத்து நின்றவன், ஐந்து மேலே இருக்கிறது என்று ஐந்தை எடுத்தேன். எடுத்த பிறகு மனசு லேசாகக்கூட இருந்தது.

நான் திரும்பிப் போனபோது மெக்கானிக் வேறொரு வண்டியைப் பார்க்க வன்னியம்பட்டிக்குப் போயிருந்தார். காத்திருக்கப் பொறுமையில்லாமல் நானே பக்கவாட்டுத் துளையில் எண்ணெய் வழிகிற வரைக்கும் ஊற்றி, துளையை மூடி, வண்டியை மெயின் ரோட்டில் எடுத்தேன். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கியபோது இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம் வந்தது. இன்னொரு தரம் இறக்கினேன். அதே சத்தம். வண்டியைத் திருப்பி மெக்கானிக்கின் பட்டறைக்கே கொண்டுவந்தேன்.

மெக்கானிக் வந்து டப்பாவைப் பார்த்தார். "அஞ்சையா ஊத்துனிய? இது பின் அச்சுக்குப் போடுத ஆயிலுல்லா. இந்த பாக்ஸுக்குள்ள பித்தளை வளையம் கெடக்கு. அஞ்சுல உள்ள மருந்து பித்தளையத் திங்கும் சார். எம்புட்டு தூரம் ஓட்டுனிய?" நாலு கிலோமீட்டர் என்றேன். "அதுல ஒண்ணும் ஆயிராது" என்றார். நான் மூச்சு விட்டேன். "ஆனாலும் சொல்ல முடியாது" என்றார். ஐந்தை வடித்துவிட்டு நாலு வாங்கி ஊற்றினோம். சத்தம் போகவில்லை. அதே இடத்தில் அதே கடி. "இது முன்னாலயே உள்ள சத்தமா, நீங்க ஊத்துனதுல வந்த சத்தமான்னு பாக்ஸக் கழத்துனாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். கழற்றினால் செலவு. செலவென்றால் மருமகன் சொன்ன எடைக்கடை. நான் கழற்றச் சொல்லவில்லை. வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை. வண்டி ரெடி என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். அத்தான் இத்தனை வருடம் கண்ணாக வைத்திருந்த வண்டியை ஒரே மதியத்தில் கெடுத்துவிட்டேன் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தோப்புக்குப் போக அத்தானை முன் இருக்கையில் தூக்கி வைத்து, சரியாமல் இருக்க ஒரு துண்டால் இருக்கையோடு கட்டினோம். அக்கா பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் போகும்வரை இரண்டாவது கியரை எவ்வளவு குறைவாகப் போடலாமோ அவ்வளவு குறைவாகப் போட்டேன். போட வேண்டிய இடங்களில் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க இருமினேன். ஓடைக்கு இறங்குகிற சரிவு வந்ததும் இருமலால் ஆகிற காரியமாக இல்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தேன். கடித்தது, விழவில்லை. வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் பாறைகளை நோக்கி உருள ஆரம்பித்தது. மறுபடியும் இழுத்தேன், மறுபடியும் கடித்தது. அப்போது அத்தானின் இடது கை குறுக்கே வந்து என் தொடையில் விழுந்தது. பட், பட் என்று இரண்டு அடி. சற்றும் இடைவெளி விடாமல் மீண்டும் இரண்டு அடி. திட்டுகிறாரா, நிறுத்தச் சொல்கிறாரா, தடுமாறிப்போனேன்.

"ஏலே, ரெண்டு மிதி மிதிக்கச் சொல்லுதாவ!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள். "கிளச்ச மிதிச்சு நடுவுல கொண்டா. கால எடு! ஒரு ரேஸ் குடு! இப்ப திரும்ப மிதிச்சுப் போடு!" அவள் சொன்னபடி செய்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் விழுந்தது. எந்தச் சத்தமும் இல்லை. வண்டி அடங்கி, பாறைமேல் மெல்ல ஏறி இறங்கி, தண்ணீருக்குள் போய், அக்கரையில் ஏறியது. அத்தான் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

தோப்புக்குள் சப்பட்டை மாமர நிழலில் நிறுத்தியதும் நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். ஐந்தை ஊற்றியது, சத்தம் வந்தது, மறைத்தது, எல்லாம். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அந்தச் சத்தமா? அது வண்டி வாங்குன அன்னைலருந்து உள்ளதுல்லா. ரெண்டாவது கியரு கத்தும். அதுக்குத்தான் அவிய எப்பவும் ரெண்டு மிதி மிதிப்பாவ."

"அப்ப ஆயிலு?"

"வெள்ளைக்கோடு டப்பா கியருக்கு. மஞ்சக்கோடு பின் அச்சுக்கு. செவப்பு பிரேக்குக்கு. கடையில நாலுன்னு கேட்டு வாங்கியாந்து வெள்ளையில ஊத்தி வைப்பாவ. அவிய கீழ படுத்துக்கிட்டா நாந்தான மேல நின்னு எண்ணெ ஊத்துத பொனலு பிடிப்பேன்."

"நான் டப்பாவத் தூக்கிக்கிட்டு அத்தான் முன்னால நின்னப்ப நீ அடுப்படியிலதான இருந்த? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"டாக்டரு பேச்சுக் குடுக்கச் சொன்னாருல்லா. அதுக்காவ நீ கேக்கேன்னு நெனச்சேன். ஸ்டோருல வேல பாத்தவன், ஒனக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்கிட்டதான் நீ கேக்கவே இல்லையே" என்றாள்.

கடைக்காரரைக் கேட்டேன், மெக்கானிக்கைக் கேட்டேன், முகம் தெரியாத மூன்று பேரைச் செல்போனில் கேட்டேன், பேச முடியாத மனிதரைக்கூட விடாமல் கேட்டேன். அந்த நாலு கிலோமீட்டரில் பித்தளை ஏதும் கரைந்ததா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜீப் இப்போதும் ஓடுகிறது, இப்போதும் கத்துகிறது. ஆனால் அந்தக் காலையில் எனக்கு இருந்தது வண்டியைப் பற்றிய குழப்பம் இல்லை. அறுபது வருடம் அருகிலேயே இருந்த என் அக்காவிடம் எதற்காவது எப்போதாவது யோசனை கேட்டிருக்கிறேனா என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அத்தான் மரங்களைப் பார்த்தபடி இடது கையால் கதவைத் தட்டினார். அக்கா இறங்கி வந்து துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். நான் அந்தப் பக்கம் ஓடிப்போய் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டு, எந்தக் காலை முதலில் இறக்கட்டும் என்று அக்காவிடம் கேட்டேன்.