விலையும் புரதமும் மட்டும் பார்த்தேன்

மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சி முடித்த கையோடு, கண்டக்குழியில் எங்கள் வீட்டுச் சாமான் பட்டியலை நான் எழுதத் தொடங்கினேன். குறைந்த செலவில் நிறையப் புரதம் என்று தினமும் சாளைக் கருவாடு போட்டேன். ஐந்து பேரும் பாயில் சுற்றியிருந்து சாப்பிட்ட அந்த வாசம் இன்னும் நினைவிருக்கிறது.

மூன்றாம் கிழமை வாப்பா தலைசுற்றிக் கதிரையில் சாய்ந்தார். கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் மிகவும் ஏறியிருந்தது. அவருக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தும் உப்பை நான் யோசிக்கவில்லை.

"படிச்ச புள்ளைக்கு உப்புக் கரிக்கல்லியா?" என்றார் உம்மா.

"அவளை ஏசாத. நாந்தானே கேட்டுக் கேட்டுத் திண்டன்," என்று வாப்பா படுத்தபடியே சிரித்தார்.

இப்போது மதுரங்குளியில் என் குடும்பத்துக்குப் பட்டியல் எழுதும்போது, சாமானுக்கு முன் சாப்பிடுபவர்களின் பெயரையும் நோயையும் எழுதுகிறேன். வாப்பா வந்து தங்கினால் பச்சைச் சாளையும் முருங்கைக்கீரையும்தான். "ஒரேயொரு துண்டு கருவாடு, மகள்," என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் இன்னும் கொஞ்சம் கீரை வைப்பேன்.