ஜாதக டிஸ்கெட்

நான் செய்த தவற்றுக்கு இன்னொருவர் மாதக்கணக்கில் தண்டனை அனுபவித்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் சொல்லத் தைரியம் வராது. நடந்தது மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்த ஒரு மொத்த வியாபாரக் கடையில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்தபோது பள்ளிச் சிறுவர்களாக இருந்த தலைமுறை எங்களுடையது. கம்ப்யூட்டர் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தபோது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஆங்கிலப் பள்ளியில் படித்த, கணக்கு வழக்கு பார்க்கும் தலைமைக் கிராணி என்பதால், கம்ப்யூட்டரோடு வந்த தடித்த கையேட்டைக் கடையில் நான் ஒருவன்தான் படித்தேன். வெளியிலிருந்து வரும் டிஸ்கெட்டைச் சோதிக்காமல் போடக்கூடாது, அதில் வைரஸ் இருந்தால் எல்லாம் அழிந்துபோகும் என்று அதில் ஒரு பக்கமே இருந்தது. அதையும் படித்தேன்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை செய்தவர் கம்போங் செட்டியைச் சேர்ந்த ஒரு பெண்மணி. முதலில் அவர் பின்கட்டுக் கிடங்கில் மிளகாய்த்தூள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். காரம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, தும்மிக்கொண்டே இருப்பார். மாலை வகுப்புக்குப் போய்த் தானாகக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்து, முதலாளியிடம் செய்துகாட்டி, குளிர்சாதன அறைக்கு மாறினார். பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாக்காவில் தங்கிவிட்ட செட்டி மக்களைப் போல அவரும் மலாய்தான் பேசுவார். என்னைக் கூப்பிடும் "அண்ணே" மட்டும் தமிழில் வரும்.

அப்போது என் மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. ஜாதகம் பொருந்துகிறது என்றார் ஒரு ஜோசியர். கூடவே கூடாது என்றார் இன்னொருவர். மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோலாலம்பூரில் இருந்த நண்பர் ஒருவர், மெட்ராஸிலிருந்து வந்த ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, அதை டிஸ்கெட்டில் எடுத்து அனுப்பினார்.

முதலாளி தமிழ் முஸ்லிம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடையே அடங்கிவிடும். அந்த நேரத்தில் நான் டிஸ்கெட்டைப் போட்டேன். சோதிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. மெஷின் கரகரவென்று அச்சடித்துத் தந்தது: பொருத்தம் உத்தமம். தாளை மடித்துப் பையில் வைத்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை, கம்ப்யூட்டரைத் திறந்தால் திரை கறுப்பாக நின்றது. பக்கத்தில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரும் அப்படியே. வாடிக்கையாளர் விவரம், சரக்கு இருப்பு, யாருக்கு எப்போது லாரி போக வேண்டும் என்பது எல்லாம் போய்விட்டன. நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெருநாள் சரக்குக்கு ஆர்டர்கள் குவிந்திருந்தன.

பழுது பார்க்க வந்த சீனர், வெளி டிஸ்கெட்டில் ஏறி வந்த வைரஸ் இது என்றார்.

"வெளி டிஸ்கெட்ட யாரு போட்டது?" என்றார் முதலாளி.

அந்தப் பெண்மணி எழுந்து நின்றார். "நான் போட்டிருக்கிறேன், முதலாளி. கோயில் திருவிழா அறிவிப்பு. உங்களைக் கேட்டுத்தான் அடித்தேன்" என்று மலாயில் சொல்லி, மேசையிலிருந்து தானே அதை எடுத்துக் கொடுத்தார். சீனர் சோதித்தார். அதில் வைரஸ் இருந்தது. "இதிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்திருக்கலாம், கம்ப்யூட்டரிலிருந்து இதற்கும் போயிருக்கலாம். எது முதல் என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். ஆத்திரத்தில் இருந்த முதலாளி முதல் பாதியை மட்டும் கேட்டார்.

எது முதல் என்று எனக்குத் தெரியும். என் டிஸ்கெட் காலடியில் இருந்த பையில் இருந்தது. நான் பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

"கிராணி, படிச்சவரு நீங்க இருந்துமா இப்படி? இனிமே டிஸ்கெட்டு விஷயமெல்லாம் உங்க பொறுப்பு" என்றார் முதலாளி. டிஸ்கெட் போடும் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினார்கள். சாவி என்னிடம் வந்தது. அந்தப் பெண்மணி, பில்களைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி அடித்துக் கொடுத்த பிறகு, கிடங்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

தேநீர் நேரத்தில் பலகாரத் தட்டு வரும்போது லாரி ஓட்டுநர் அவரைக் கிண்டல் செய்வான். "அக்கா, அந்தக் கரிபாப்ப தொட்டுறாதீங்க. எங்களுக்கும் வைரஸ் வந்துரும்லா." எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்காருவார். பிறகு பின்கட்டிலிருந்து தும்மல் கேட்கும். நான் மும்முரமாக வேலை செய்வேன்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நானும் மனைவியும் கடையில் வேலை செய்தவர்கள் வீடுகளுக்கெல்லாம் பத்திரிகை வைக்கப் போனோம். கம்போங் செட்டிக்கும் போனோம். எங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. கூடத்தில் பாய் விரித்தார், குவே பலகாரம் கொண்டுவந்து வைத்தார். மனைவி தட்டை நீட்டினாள். அவர் குங்குமத்தை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை போட்ட டிஸ்கெட்டைப் பற்றி, பையைத் தள்ளியதைப் பற்றி, எல்லாவற்றையும் மனைவி எதிரிலேயே சொன்னேன். மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர் பத்திரிகையின் ஓரத்தைத் தடவினார். பிறகு கேட்டார்: "பொருத்தம் நன்றாக வந்ததா, அண்ணே?"

"வந்தது."

"பிள்ளைக்கு அது போதும்." குவேத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "நான் செய்யவில்லை என்று எனக்கு முதலிலேயே தெரியும். என் டிஸ்கெட் கடையில் வாங்கிய புதியது. நீங்கள் இதை என்னிடம் சொல்லி என்ன பயன்? தெரியாதவர்களிடம் சொல்லுங்கள்."

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது மனைவி, "நாளைக்கே சொல்லிருங்க. அப்பத்தான் என்னால பிள்ளைக்குச் சந்தோஷமா தாலி எடுத்துக் கொடுக்க முடியும்" என்றாள்.

மறுநாள் தேநீர் நேரத்தில், எல்லாரும் கூடியிருக்கும்போது, முதலாளியிடம் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொன்னால் போய்விடுகிறேன் என்றும் சொன்னேன். லாரி ஓட்டுநர் கரிபாப்பைக் கையில் வைத்தபடியே தரையைப் பார்த்தான்.

முதலாளி கத்தவில்லை. "கம்ப்யூட்டர் போனா போவுது, அத விடுங்க. அந்தப் பொம்பள பின்னால தும்முறது எனக்கே மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அவங்க தப்பு செஞ்சாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்த எனக்கே அப்படி. உங்களுக்கு அது காதுல விழலியா, கிராணி?" என்றார். அவர் எழுந்து, தானே கிடங்குக்கு நடந்து போய், அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டார். அவரை மறுபடி கம்ப்யூட்டருக்கே அழைத்து வந்து, பூட்டின் சாவியை என்னிடமிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தார். என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. அதற்கு இன்றும் நன்றி.

அன்று முதல் எல்லா டிஸ்கெட்டும் அவர் சோதித்த பிறகுதான் உள்ளே போனது, என்னுடையதும். மற்றவர்களுடையதை எப்படிச் சோதிப்பாரோ அப்படியே என்னுடையதையும் சோதிப்பார், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கல்யாணத்துக்கு வந்தார். பேரன் பிறந்தபோது பார்க்க வந்து, மடியில் போட்டுக்கொண்டு மலாயில் தாலாட்டினார்.

அடுத்த வருடம் அவர்கள் கோயில் திருவிழா நெருங்கியபோது, அறிவிப்பு அடிக்கவில்லையா என்று நானே கேட்டேன். "தெங்கேராவில் ஒரு கடையில் அடித்துக்கொண்டோம், அண்ணே" என்றார். முதலாளியும் இங்கேயே அடித்துக்கொள்ளச் சொன்னார். "பார்க்கலாம்" என்று சிரித்தார். நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருடமும் கேட்டேன். ஒவ்வொரு வருடமும் அந்தச் சிரிப்புதான். தன் சொந்தக் காரியத்துக்கென்று ஒரு வெள்ளைத் தாளைக்கூட அந்த அலுவலகத்தில் அவர் கேட்டு நான் பார்க்கவில்லை.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை; ஆனால் நம்பி ஒன்றைக் கேட்கும் மனத்தை அந்த இடத்தில் அவருக்கு இல்லாமல் செய்தவன் நான் என்ற நினைப்பு, இந்த வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை.