தவறான பெட்டியில் போட்ட சீட்டு

ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஜெபிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். குத்தாலம் பக்கத்தில் எங்கள் சிறிய சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு நான் தலைவி. அடுத்தவர் கஷ்டத்துக்கு முழங்கால் போட்டுப் போட்டு, என் கஷ்டத்தை யாரிடமும் சொல்லத் தெரியாத ஆளாகிவிட்டேன். தெரியாமல் என்ன, திமிர் என்பதுதான் சரி.

அந்தப் புரட்டாசியில் என் கணவர் வயல் சேற்றில் கிடந்த கண்ணாடிச் சில்லை மிதித்துவிட்டார். சர்க்கரை வியாதிக்காரர், வலியே தெரியவில்லை. நாங்கள் கவனித்தபோது பாதம் கறுக்கத் தொடங்கியிருந்தது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "திங்கக்கெழம வரைக்கும் பாப்போம்மா. கறுப்பு மேல ஏறினா கால எடுக்கணும்" என்றார் டாக்டர். மகள் சென்னையிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தாள். ஊரில் கேட்டவர்களிடம், "மகளோட இருக்காரு" என்றேன். பொய் இல்லைதானே!

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் போனால் நட்டும் பிரயோஜனமில்லை. ஆள் பிடிக்க அலையும் தெம்பு எனக்கில்லை. அதைப் பார்த்துவிட்டு நேரே ஆலயத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்றில் விண்ணப்பச் சீட்டுகள், மற்றதில் நன்றிச் சீட்டுகள் போடுவோம். 'கணவரின் காலுக்காக' என்று மட்டும் எழுதி, பெயர் போடாமல், இருந்த அவசரத்தில் நன்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஆராதனையில் போதகர் வாசித்தார்: "தன் கணவரின் காலுக்காக ஒரு சகோதரி ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறார்." சபையார் எல்லோரும் அல்லேலூயா என்றார்கள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். எழுந்து நின்று கத்தினேன். "எதுக்குங்கய்யா நன்றி? கால் அழுகிக் கெடக்கு! நாளைக்கு வெட்டப் போறாங்க!"

பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பெயரே இல்லாத சீட்டுக்கு நானே எழுந்து பெயர் கொடுத்தேன். போதகர் பதறி இறங்கி வந்தார். "மன்னிச்சுக்கங்கம்மா, சீட்டு நன்றிப் பெட்டியிலதான் இருந்துச்சு" என்றார். தப்பு என்னுடையது என்று அப்போதுதான் உறைத்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி வந்து என் தலையில் கைவைத்தாள். போன வருஷம் அவள் பிரசவத்துக்கு நான் ஜெபித்திருந்தேன். அவளுக்கு வார்த்தை வரவில்லை. "அக்காவப் பாத்துக்கங்க ஏசப்பா, அக்காவப் பாத்துக்கங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். என் நீளமான ஜெபங்களை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது. எனக்காக இன்னொருவர் ஜெபிக்க, தலை குனிந்து உட்கார்ந்திருக்க அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் அவளே கேட்டாள்.

"நடவு என்னக்கா ஆச்சு?"

"இன்னும் ஆகல."

"வயல எங்ககிட்ட விட்டுட்டு நீங்க பஸ் ஏறுங்க."

திங்கட்கிழமை கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆண்டவர் மேல் எனக்கு வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். மறுநாள் காலை அவர் கண் திறந்ததும் முதலில் கேட்டது நாற்றைப் பற்றித்தான். செல்போனில் வந்திருந்த படத்தைக் காட்டினேன். எங்கள் சபைப் பெண்களும், நெற்றி நிறையக் குங்குமத்தோடு பக்கத்து வயல்கார அம்மாவும் வரிசையாகக் குனிந்து எங்கள் வயலில் நட்டுக்கொண்டிருந்தார்கள். கால் போகிறது என்று டாக்டர் சொன்னபோது அழாத மனிதர், அந்தப் படத்தைப் பார்த்து அழுதார். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. இத்தனை பேரைக் கொடுத்த ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

கண்ணைத் துடைத்ததும் அவருக்கு வயல் ஞாபகம் வந்துவிட்டது. "மடையப் பாத்தாங்களோ என்னவோ. நீ ஊருக்குக் கெளம்பு."

"உங்கள இப்படி விட்டுட்டா?"

போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் எங்க ஓடிடப் போறேன்? போயிட்டு வா."

வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். கால்தான் போயிருந்தது, என் மனிதர் முழுசாக இருந்தார்.