சிலுவைதாசன் மரத்து வெள்ளைக் கோடுகள்

சிலுவைதாசன் யாரையும் சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. போதகர் நலம் விசாரித்தால்கூட, என்ன காரியமோ என்று யோசிப்பார். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாக மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறார். அவர் கத்தியைக் குறை சொல்ல யாருக்கும் துணிவு வந்ததில்லை, புது சூப்பர்வைசர் பிரிஜா வரும்வரை.

வந்த வாரமே, "அண்ணே, கத்தி ஆழமா போவுது, பட்டையத் தாண்டி தடியில காயம் விழுது" என்றாள். காயம் பட்ட இடத்தில் பட்டை சீராக வளராது. பிறகு அங்கே வெட்ட முடியாது. இது அவருக்குத் தெரியாததா? அதுதான் எரிச்சல். மறுநாள் காயமுள்ள மரத்திலெல்லாம் சாக்பீஸால் வெள்ளைக் கோடு. பதினேழு கோடுகள்.

"அவளுக்க தம்பி சும்மா நிக்கான். என்னத் தள்ளிட்டு அவனைக் கேற்றத்தான் இந்த வேலை" என்றார் மனைவி லீலாபாயிடம்.

"காயம் உண்டா இல்லியா, அதைச் சொல்லுங்க."

அவர் தோட்டத்துக்குக் கிளம்பிப் போனார்.

ஈரத்துணியால் கோடுகளை அழித்தார். அடுத்த வெட்டிலும் கோடு விழுந்தது. ஒருநாள், மற்ற மூன்று பேர் வெட்டும் மரங்களைப் பதுங்கிப் போய்ப் பார்த்தார். காயம் இவருடையதைவிட இரண்டு மடங்கு. கோடு ஒன்றுகூட இல்லை. நேரே பிரிஜா இருக்கும் ஷெட்டுக்குப் போனார்.

"மத்தவனுக்க மரத்துல ஏன் கோடு போடல?"

பிரிஜா குரலைத் தாழ்த்தினாள். "அவங்க மூணு பேரும் அடுத்த மாசத்தோட நிக்கணும். சொல்லிப் பாத்தேன், கேக்கல. முதலாளி நாலு பேரையும்தான் நிறுத்தச் சொன்னாரு. நீங்க திருந்துவீங்கன்னு நான்தான் தவணை கேட்டிருக்கேன்."

அதையும் அவர் முழுதாக நம்பவில்லை. ஆனாலும், வெட்கப்பட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினார். கத்தியைத் தீட்டி, நிதானமாக வெட்டினார். கோடுகள் பதினொன்றாகி, ஆறாகி, இரண்டாயின.

பிறகு ஒரு காலையில் கோடே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் பயந்துபோனார். என்னையும் கைவிட்டுவிட்டாளோ? ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்தார். ஏழாவது வரிசையில் நகக்கண் அளவு ஒரு காயம் தட்டுப்பட்டது. ஷெட்டுக்கு ஓடினார்.

"மேடம், ஏழாவது வரிசையில ஒரு காயம் கெடக்கு. ஏன் கோடு போடல?"

"எனக்க கண்ணுல படல அண்ணே."

அவர் நம்பவில்லை. அவள் மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், தன் கையாலேயே கோடு போட்டார்.