உறையாத பால்

வீரம்மா உறை ஊற்றினால் தயிரைக் கத்தியால் வெட்டலாம் என்று புந்தோங் ஊர் முழுக்கப் பேச்சு. இப்ராஹிம் கடைப் பிரியாணிக்கான பச்சடி அவள் வீட்டுத் தயிரில்தான் ஆகும். கணவர் சீனி இறந்த பிறகு அந்தத் தயிர்தான் அவளுக்குச் சோறு, மரியாதை எல்லாம்.

பால் அவள் தம்பி விக்னேஸ்வரனுடையது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டுவிட்ட பழைய தோட்டத்தில் மாடு வளர்க்கிறான். காலையில் கறந்ததை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவான். அக்கா கையால் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவான்.

ஒரு நாள் பால் உறையவில்லை. மறுநாளும் இல்லை. பாத்திரத்தைச் சுடுநீரில் அலசினாள், உறையை மாற்றினாள், கம்பளியால் போர்த்தியும் பார்த்தாள். சாய்த்தால் பாலாகவே ஓடியது. இப்ராஹிம் நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. "பரவால்லக்கா, கொஞ்ச நாளைக்கு வேற எடத்துல எடுத்துக்கிறேன்லா" என்றார். இப்படி வேறு இடம் போனவர்கள் திரும்பி வருவது எவ்வளவு அபூர்வம் என்று வீரம்மாவுக்குத் தெரியாதா என்ன?

தம்பியிடம் சொல்லி அழுதாள். அவன் தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மச்சான் போனதிலேர்ந்து ஒங்க கை அப்படி ஆயிருச்சோ என்னமோ. வேற யாரையாச்சும் ஊத்தச் சொல்லிப் பாருங்கக்கா."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பாள். சொன்னவன் தாய் செத்த பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. நம்பிவிட்டாள். பாலைத் தொடுவதையே விட்டுவிட்டு, கழுத்தில் தாலியோடு இருக்கும் பக்கத்து வீட்டு விமலாவைக் கூப்பிட்டு உறை ஊற்றச் சொன்னாள். அப்போதும் உறையவில்லை.

விமலாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கையும் இல்ல காலும் இல்லக்கா. என் வீட்டுல கடைப் பால் இருக்கு. காய்ச்சித் தாரேன், அதே உறைய நீங்களே ஊத்துங்க."

வீரம்மா ஊற்றினாள். சாயங்காலம் பார்த்தால் தயிர் கட்டியாக நின்றது.

"மாட்டுக்கு ஊசி போட்டாங்களா கேளுங்க" என்றாள் விமலா. "எங்கப்பா மாடு வச்சிருந்தாரு. மருந்து எறங்குன பால் உறையாது."

உறையில் இருக்கும் கிருமிக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. ஆனாலும் தான் விழுந்த இடம் எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரியும். பால் குளிர்ந்து கிடந்தால் அதுவும் சோம்பிக் கிடக்கும். வெதுவெதுப்பாக இருந்தால் பாலின் இனிப்பைத் தின்று பெருகும், புளிப்பை விடும். புளிப்பு மிஞ்சிப் போனால் தானே அடங்கிக்கொள்ளும். மருந்து கலந்திருந்தால் பெருக முடியாமல் மாண்டுபோகும். வீரம்மாவின் பாத்திரத்தில் அது நாள்தோறும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள்தான் தம்பி சொன்னதைக் கேட்டாள்.

மறுநாள் காலை பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனாள். தம்பி மகள் மேசையில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடைப் பால் பெட்டி. மாடு வளர்ப்பவன் வீட்டில் கடைப் பால். வீரம்மா பெட்டியைத் தூக்கிக் காட்டி, மாட்டுக்கு ஊசி போட்டதா என்று தம்பியைக் கேட்டாள்.

"மாட்டுக்கு மடி வீங்கிருச்சுக்கா" என்றான் விக்னேஸ்வரன். "டாக்டர் ஊசி போட்டுட்டு, கொஞ்ச நாளைக்குப் பால கொட்டிருன்னாரு. கொட்ட மனசு வரல."

"ஒன் மகளுக்குக் குடுக்கவும் மனசு வரல."

அவன் மகளை உள்ளே போகச் சொன்னான்.

"சரி, பாலுதான் போவுது. என் கைய எதுக்குடா சொன்ன?"

"நீங்க மாட்டப் பத்திக் கேட்டுருவீங்கன்னு பயந்துட்டேன்க்கா."

அவள் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் வழியெல்லாம் தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாத்திரம் எடுக்கவே கூசிப்போய் அவள் ஒளித்து வைத்திருந்த கைகள்.

மாடு தேறியதும் அவன் மறுபடி மோட்டாரில் வந்தான். "இப்ப சுத்தமான பாலுக்கா" என்று பாத்திரத்தை நீட்டினான். வீரம்மா வாசற்படியிலேயே நின்றாள். கையை நீட்டவில்லை.

"வேணாம்ப்பா. தாலி இல்லாத கை. ஒன் பாலு கெட்டுப்போயிரும்."