வெள்ளிக் கிண்ணமும் புள்ளிக்கோடும்

அவளுடைய அப்பாவின் கொள்ளுப்பாட்டி ஒரு திருடி என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு, அதை யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை. துரை வீட்டில் பிள்ளை வளர்க்கப் போன ஆயா, வெள்ளிக் கிண்ணத்தை முந்தானையில் சுருட்டிக்கொண்டு வெளியேறும்போது கையும் களவுமாகப் பிடிபட்டாள். பெற்ற பிள்ளையோடு தெருவுக்குத் துரத்தப்பட்டாள். கதையில் கிண்ணத்தின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். சித்தி சொன்னால் உள்ளங்கையில் அடங்கும். மாமா சொன்னால் அதில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

ஆயா பெற்ற பிள்ளைக்குத் தகப்பன், அதே துரையிடம் வேலை பார்த்த கணக்கர். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, மூன்று மக்கள் உண்டு. அந்த மூவரின் வழியில் வந்தவர்கள் 'பெரிய வீடு'. ஆயாவின் வழியில் வந்தவர்களுக்குப் பெயரே 'அவங்க'.

வாயோடு வாயாகச் சுற்றியவரை அவள் இதைச் சட்டை செய்யவில்லை. பெரிய வீட்டுப் பெரியப்பா, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அதை அச்சில் ஏற்றக் கிளம்பினார். வழவழத் தாளில் நூற்றிருபது பக்கம், 'எங்கள் வம்ச வரலாறு'. திருத்தம் பார்க்க அவளுடைய அப்பாவுக்கும் ஒரு படி வந்தது. நடுவில் மடித்து வைத்த வம்ச மரப்படத்தில் பெரிய வீட்டுக்கெல்லாம் கெட்டியான கோடு. 'அவங்க' வழிக்குப் புள்ளிக்கோடு, அதன் தலையில் ஒரு நட்சத்திரம். அடிக்குறிப்பில்: 'வெள்ளிக் கிண்ணம் களவாடியதால் வெளியேற்றப்பட்ட ஆயாவின் வழி.'

லாரி ஓட்டி ஓய்ந்த அப்பா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விடும்மா. நாம என்ன அதைப் படிக்கவா போறோம்?"

ஆனால் வெளியீட்டு விழாவுக்கென்று தைக்கக் கொடுத்திருந்த சட்டையை அவர் வாங்கப் போகவில்லை. தையல்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பியும் போகவில்லை. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவள் யாரென்று சொல்ல வேண்டும். ஒரு செய்தித்தாள் அலுவலகத்தின் தரைத்தளத்தில், இரங்கல் விளம்பரம் வாங்கும் கவுண்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள். பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு அழுதபடி வருகிறவர்களிடம், "மூணு வரி போதுங்க, மிச்சத்தை மனசுல வச்சுக்கோங்க" என்பாள். அதனால் அலுவலகத்தில் அவள் பெயர் மூணுவரி. அந்த நாற்காலி அவளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. செத்தவருக்குக் குணம் கூடும், வயது குறையும், இரண்டாவது குடும்பம் இருந்த இடம் தெரியாமல் போகும்; தேதியில் மட்டும் யாரும் கைவைக்க மாட்டார்கள். அடக்கத்துக்கு ஆள் வர வேண்டுமே! அதனால் அவள் 'யாரு?' என்று கேட்பதற்கு முன்பே 'எப்போ?' என்று கேட்பாள்.

பெரியப்பாவிடமும் தொலைபேசியில் அதைத்தான் கேட்டாள்.

"பெரியப்பா, அந்தக் கிண்ணம் எந்தத் தேதியில திருடு போச்சு?"

"இதென்ன பால் கணக்காம்மா? நூத்தி முப்பது வருஷத்துக் கதை."

"கதைன்னா கதைன்னு போடுங்க. அட்டையில வரலாறுன்னுல்ல போட்டிருக்கீங்க?"

"பெரியவங்க சொல்லி வந்தது. நெருப்பில்லாம புகையுமா?"

"அடுப்பு யாரு வீட்டுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

"பாரு, பாரு. ரெண்டு வாரத்துல அச்சுக்குப் போகுது."

முதலில் அவள் தன் அலுவலகத்தின் நிலவறைக்குத்தான் இறங்கினாள். பழைய இதழ்கள் கட்டுக்கட்டாக அங்கே தூசி தின்றுகொண்டிருந்தன. நான்கு மதிய உணவு இடைவேளைகளைத் தும்மலுக்குக் கொடுத்த பிறகு கணக்கரின் இரங்கல் கிடைத்தது. பதினொரு வரி. அவள் வாங்கியிருந்தால் எட்டை வெட்டியிருப்பாள். 'நேர்மையின் உறைவிடம்' என்று தொடங்கி, பதினோராவது வரியில், 'தம்மிடமிருந்த துரையவர்களின் வெள்ளிக் கிண்ணத்தைப் பள்ளிக்கு ஈந்த வள்ளல்' என்று முடிந்தது. ஆயா திருடிக்கொண்டு போன கிண்ணம் வள்ளல் கைக்கு எப்படி வந்தது?

அடுத்தது ஆவணக் காப்பகம். துரையின் உயில் அங்கே இருந்தது. தேடி எடுத்துத் தந்த காப்பாளர், "அக்கா, சொத்து கித்து இருந்தா சொல்லுங்க, நானும் உங்களுக்கு ஒரு வகையில தம்பிதான்" என்றார். இருவரும் தலையை முட்டிக்கொண்டு படித்தார்கள். தன் பிள்ளைகள் இருவரையும் காய்ச்சலில் கண்விழித்துக் காத்த ஆயாவுக்கு, வெள்ளிக் கிண்ணமும் குதிரை லாயத்துக்குப் பின்னால் உள்ள அறையும் தருவதாகத் துரை எழுதியிருந்தார். கணக்கர் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும் என்றும் இருந்தது. ஆக, அது திருட்டே இல்லை, கொடை.

உயிலோடு ரசீதும் குத்தியிருந்தது. மே மாதம் பதினொன்றாம் தேதி. 'கிண்ணத்தைப் பெற்று, கணக்கரிடமே விற்றுவிட்டேன். அறை வேண்டாமென்று விட்டுக்கொடுத்தேன்.' கீழே மசி அப்பிய ஒரு கைநாட்டு. சாட்சி, கணக்கர்.

"முடிஞ்சு போச்சுக்கா. அவங்களே வித்துட்டாங்க" என்றார் காப்பாளர். அவள் தேதியை மட்டும் எழுதிக்கொண்டாள்.

மூன்றாவதாகக் கல்லறைத் தோட்டம். அங்கே பதிவேடு பார்ப்பவர், ஓர் ஆள் சுமக்கும் கனத்தில் ஒரு பேரேட்டை மேசையில் போட்டார். விரல் வைத்து வரிவரியாக இறங்கினாள். ஆயா, வயது முப்பது, காய்ச்சல். இருப்பிடம், லாயத்துப் பின்னறை. இலவச வரிசை. உடலைக் கொண்டுவந்தவர், கணக்கர். பக்கத்தில் அதே கையெழுத்து. அடக்கம், அதே வருடம் மார்ச் மூன்றாம் தேதி.

"மே மாசம் கைநாட்டு வச்சிருக்காங்களே!" என்றாள்.

பதிவேட்டுக்காரர் பக்கத்தை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். "இங்க வந்தவங்க யாரும் லீவு போட்டுட்டு வெளிய போனதில்லைங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே போய் இலவச வரிசையைத் தேடினாள். கல் இல்லை, எண் இல்லை, புல் மட்டும் இருந்தது. அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் ஆயாவைத் துரத்தவில்லை. அந்த அறையிலேயே செத்திருக்கிறாள். தூக்கி வந்து புதைத்தவரே, இரண்டு மாதம் கழித்து யாரோ ஒருவர் விரலைப் பிடித்து மசியில் அழுத்தியிருக்கிறார்.

மூன்று நகல்களையும் பெரியப்பா வீட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். பெரியப்பா படித்தார், சிவப்பு மசிப் பேனாவை எடுத்தார், எதைத் திருத்துவதென்று தெரியாமல் மூடி வைத்தார்.

"சரிம்மா. அடிக்குறிப்பை எடுத்துடறேன். புள்ளிக்கோட்டைக் கெட்டிக்கோடாவே ஆக்கிடறேன். ஆனா இது நமக்குள்ள இருக்கட்டும். கணக்கர் உனக்கும் மூதாதைதானே? மல்லாக்கப் படுத்துக்கிட்டு எச்சில் துப்பினா எங்க விழும்?"

"என் மூஞ்சியிலதான் விழும். துடைச்சுக்கறேன். நீங்க துப்பினதைத் துடைச்சே பழகிப்போச்சு."

"இப்ப என்னதான் பண்ணணும்ங்கற?"

"கோடு எனக்கு வேண்டாம், புள்ளியாவே இருக்கட்டும். அவ திருடலைன்னு போடுங்க. திருடினது யாருன்னும் போடுங்க."

"என் உசிரு இருக்கிறவரைக்கும் நடக்காது."

"உங்களுக்கு ஒரு புஸ்தகம் இருக்கு பெரியப்பா. எனக்குத் தினமும் ஒரு பக்கம் இருக்கு."

விளம்பர மேலாளர் முதலில் மறுத்தார். "நூத்தி முப்பது வருஷம் முன்னாடி செத்தவங்களுக்கு இப்பப் போய் இரங்கலா?"

"ஏன் சார், நடுவுல நிலைமை ஏதாவது தேறியிருக்கா?"

விழா நாள் காலையில் அது வெளிவந்தது:

'ஆயா, வயது 30. மார்ச் 3-ல் அடக்கம். மே 11-ல் இவர் பெயரில் கைநாட்டு வைத்துக் கிண்ணத்தையும் அறையையும் எடுத்துக்கொண்டவர், துரை வீட்டுக் கணக்கர். ஆயா எதையும் திருடவில்லை. இவண், இருவரின் வழிவந்தோர்.'

பத்து மணிக்குள் மூன்று பேர் கவுண்டருக்கு அழைத்து, அடக்கத்துக்கு வண்டி ஏற்பாடு உண்டா என்று விசாரித்தார்கள். அப்பா தையல்காரரிடம் நடந்து போய்ச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். நேரே விழாவுக்குப் போனார். பேப்பரை நாலாக மடித்து, பாதி வெளியே தெரியும்படி பையில் செருகிக்கொண்டு, முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். புத்தகத்தில் அடிக்குறிப்பு இல்லை. ஆயாவும் இல்லை. அப்பா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பெரியப்பா கவுண்டருக்கு வந்தார், கையில் இரண்டு பக்க மறுப்போடு. அவள் எழுந்து நின்று நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். மூன்றாவது கட்டத்தில் அவர் பேனா நின்றது. 'இறந்தவருக்கு உங்கள் உறவு.'

"உறவில்லைன்னு எழுதினா?"

"வாங்க முடியாது பெரியப்பா. அந்நியர் மறுப்புக் கொடுக்கக்கூடாதுன்னு விதி."

"கொள்ளுப்பாட்டி முறைன்னு எழுதினா?"

"தாராளமா வாங்கிக்கறேன். கொள்ளுப்பாட்டியைத் திருடின்னு சொல்ற விளம்பரம் உங்க பேர்ல வரும், அவ்வளவுதான்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள்.

"நாளைக்கு வந்து எழுதறேன்" என்று பெரியப்பா எழுந்தார். போன வேகத்தில், கவுண்டர் பேனாவையும் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போய்விட்டார்.

நாளை வந்தது, பெரியப்பா வரவில்லை. பேனாவைக் கேட்டு அவள் இரண்டு முறை போன் செய்தாள். இரண்டு முறையும் பெரியம்மாதான் எடுத்தார். "அவர் தூங்கறார்மா" என்றார், காலை பதினொரு மணிக்கு.